எட்டு ஐந்து வண்டியும் பதினோரு தாமதச் சீட்டுகளும்

1

லண்டனின் தெற்கு ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறேன். ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் என் அக்கா "தம்பி அங்கே ரயில்வே ஆபீசர்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அவளைக் காட்டிக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் உண்மையில் இருப்பது ஒரு ஸ்டூல், காலுக்குப் பக்கத்தில் ஒரு மின்சாரக் கணப்பு, டிக்கெட் அடிக்கும் இயந்திரம், அதற்குப் பின்னால் நான்.

இந்த ஜனவரியில் இங்கே யாரைக் கேட்டாலும் வேலை நிறுத்தம். லாரிக்காரர்கள், குப்பை அள்ளுபவர்கள், நடுவில் சில நாள் எங்கள் ரயில் டிரைவர்களும். பனி வேறு. ஆபீஸ்காரர்களுக்கு ஆபீஸே சொல்லிவிட்டது: வர முடிந்தால் வா, முடியாவிட்டால் வீட்டில் இரு. அவர்கள் வீட்டில் இருந்து பழகிவிட்டார்கள். வண்டி ஓடுகிற நாட்களில்கூடக் காலை எட்டரை வண்டியில் பாதி இருக்கை காலியாகப் போகிறது. மேலிடம் சும்மா இருக்குமா? ஓர் அட்டையும் பென்சிலும் கொடுத்து, பிளாட்பாரத்தில் நின்று தலை எண்ணு என்று சொல்லிவிட்டது. தலை குறைந்தால் வண்டி போய்விடும். எந்த நாடானாலும் ரயில்வேக்கு இதில் ஒரே புத்திதான்.

சென்ற வாரம் அப்படி எண்ணிக்கொண்டு நின்றபோது ஓர் இளம் பெண் என்னிடம் வந்தாள். வண்டி அன்று நாற்பது நிமிடம் தாமதம். "தாமதம் என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பீர்களா? புது வேலை, நான் சொன்னால் நம்பமாட்டார்கள்" என்றாள். பென்சில் கையிலேயே இருக்கிறது. விரல் அசையவில்லை. எனக்கு அதிகாரமில்லை என்று சொல்ல நினைத்து, "நோ பவர்" என்று சொல்லியிருக்கிறேன். அவள் மின்சாரம் போய்விட்டதோ என்று தலைக்கு மேலிருந்த விளக்கைப் பார்த்தாள்.

என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். என் அட்டையின் ஓரத்தைக் கிழித்தார், இரண்டு வரி எழுதினார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அரை நிமிட வேலை. பிறகு என் முகத்தைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. இதே மாதிரி இரண்டு வரிகளை வைத்து ஒரு பெண்ணுக்கு நான் செய்த காரியம் மூன்று வருஷமாக உள்ளே கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனியைப் பற்றியும் அரிசி கிடைக்காததைப் பற்றியும் எழுதுவார்கள். எனக்கும் அதையே எழுதத்தான் ஆசை. ஆனால் இது முதலில் வெளியே வர வேண்டும்.

2

கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திர எல்லைக்குள் போவதற்கு முன்னால் வரும் சின்ன ஸ்டேஷன்களில் ஒன்றில் நான் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தேன். எது என்று சொல்லவில்லை. அங்கே இன்னும் பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

காலையில் மெட்ராஸ் பக்கம் போக எங்களுக்கு இரண்டு பாசஞ்சர். முதலாவது ஆறு நாற்பது. அதில் மீன் கூடைக்காரர்களும் கட்டட வேலைக்காரர்களும் போவார்கள். இரண்டாவது எட்டு ஐந்து. அதுதான் ஆபீஸ் வண்டி. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் சென்ட்ரலில் கொண்டுபோய் விடும். இறங்கி, டீ குடித்து, பேப்பர் வாங்கி, பத்தரைக்கோ பதினொன்றுக்கோ நாற்காலியில் போய் உட்கார்ந்தால் யாரும் ஏனென்று கேட்காத காலம் அது.

எப்போதாவது ஓர் அதிகாரி கேட்டுவிட்டால் அதற்கும் வழி இருந்தது. தாமதச் சீட்டு. 'இன்ன தேதியில் இந்த ஸ்டேஷனிலிருந்து வண்டி இத்தனை நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஸ்டேஷன் முத்திரை குத்திக் கொடுப்போம். இதற்குப் பதிவேடு கிடையாது, எண் கிடையாது. கொஞ்ச நாளில் அதையும் சுலபமாக்கிவிட்டோம். பத்துப் பதினைந்து சீட்டில் முத்திரையும் கையெழுத்தும் போட்டு ஜன்னலோரம் வைத்துவிடுவேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு தேதியையும் நிமிடத்தையும் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். மூர் மார்க்கெட்டில் செருப்புக்குப் பேரம் பேசி நேரமானாலும் பழி எங்கள் எஞ்சின் மேல். வண்டிக்கு வாயில்லையே, என்ன சொல்லும்? நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அந்தச் சிரிப்புதான் பின்னால் எல்லாவற்றையும் கெடுத்தது. எங்கள் சீட்டுக்கு மெட்ராஸில் மரியாதையே இல்லாமல் போனது.

வெற்றுச் சீட்டை எடுக்காதவர் அந்தப் பிளாட்பாரத்தில் ஒரே ஒருவர்தான். கமலா. இருபத்துநாலு வயது. ஸ்டேஷனுக்குக் கிழக்கே உள்ள தெரு. அவர் அம்மா இன்னும் கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தத் தெருவிலிருந்து அரசாங்க ஆபீஸுக்குள் போன முதல் ஆள் கமலா. மெட்ராஸில் சென்ட்ரலுக்கு எதிரேயே ஓர் ஆபீஸில் தற்காலிக டைப்பிஸ்ட். வருஷம் ஒன்று குறை சொல்ல இடமில்லாமல் ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரமாகும். தெரு முழுக்க அந்த ஒரு வருஷத்தை எண்ணிக்கொண்டிருந்தது.

"நிமிஷத்த நீங்களே எழுதுங்க சார்" என்பார். "நான் எழுதிட்டா அது என் சீட்டா பூடும். நீங்க எழுதினாத்தான் ரயில்வே சீட்டு."

"எல்லாரும் தாங்களேதானேம்மா எழுதிக்கிறாங்க?"

"அவங்கள யாரும் கேக்க மாட்டாங்க சார். என்ன கேப்பாங்க."

3

கமலாவின் கணவர் தேவசகாயம் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்த்தார். ராத்திரி ஷிப்ட் முடிந்து அவர் வரும் வண்டி ஏழு ஐம்பதுக்கு எங்கள் இரண்டாவது பிளாட்பாரத்தில் நிற்கும். கமலா போகும் வண்டி எட்டு ஐந்துக்கு முதல் பிளாட்பாரத்தில். நடுவில் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் அவர்கள் குடும்பம் நடந்தது.

அவர் இறங்கியதும் நேராகக் குழாயடிக்குப் போய், முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். கரி போனபிறகுதான் குழந்தையைத் தொடுவார். எட்டு மாதப் பெண். கமலா குழந்தையைக் கொடுத்து, பால் புட்டியைக் கொடுத்து, எப்போது கடைசியாகக் குடித்தாள், எப்போது தூங்கினாள் என்றெல்லாம் ஒப்பித்துவிட்டு வண்டி ஏறுவார். முதல் வண்டியில் அவரால் போகவே முடியாது. ஆறு நாற்பதுக்குக் குழந்தையை வாங்கிக்கொள்ள வீட்டில் கை கிடையாது.

இதை நான் தினமும் என் அறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எனக்கும் அதில் ஒரு பங்கு இருந்த மாதிரிதான். என் மனைவி ராணி நர்ஸ்; லண்டனுக்கு வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் பெண் மலர் பள்ளிப்பட்டில் என் அக்கா வீட்டில் வளர்ந்தாள். வார ஓய்வு நாளில் திருவள்ளூரில் பஸ் மாறி அவளைப் பார்த்துவிட்டு வருவேன். அக்காவை "அம்மா" என்பாள். ராணி அவளுக்கு "போட்டோ அம்மா". இதை ஒரு நாள் கமலாவிடம் சொன்னேன். அவர் வண்டி ஏறும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

4

பிறகு எமர்ஜென்சி வந்தது. அரசியல் எனக்கு வேண்டாம். எங்கள் பிளாட்பாரத்தில் அது எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மெட்ராஸ் ஆபீஸ்களில் வருகைப் பதிவேடு இடம் மாறியது. அதுவரை ஹாலில் மேஜை மேல் கிடந்த பதிவேடு, பத்து மணி அடித்ததும் அதிகாரியின் அறைக்குள் போய்விட்டது. பின்னால் வருகிறவன் அந்த அறைக்குள் போய், அவர் முகத்தைப் பார்த்து, சிவப்பு மையில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று சிவப்புக்கு ஒரு நாள் லீவு போகும். அதற்கு மேல் போனால் வேலைக்கே உலை. அடுத்த வாரமே எங்கள் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் ஆறு நாற்பதுக்கு வந்து நின்றார்கள். தூக்கம் கலையாத முகம், பொட்டலத்தில் நாஷ்டா. "இன்னா சார் இது, கோழிக்கு முன்னாடி எழுந்துக்கினு... பேஜாருப்பா" என்று அலுத்துக்கொண்டே ஏறினார்கள். மீன் கூடையும் சலவைச் சட்டையும் ஒரே பெட்டியில் இடிபட்டுச் சண்டை போட்டன. படிக்கட்டில் ஆள் தொங்கியது.

எட்டு ஐந்து காலியாகிவிட்டது. ரயில்வே அதிலிருந்து பெட்டிகளைக் கழற்றி ஆறு நாற்பதில் மாட்டியது. அதுவரைக்கும் நியாயம்தான். ஆனால் எல்லா எக்ஸ்பிரஸும் நிமிடம் தப்பாமல் போக வேண்டும் என்று மேலேயிருந்து நெருக்கடி. அவற்றுக்கு வழிவிட யாரையாவது ஓரம் கட்டியாக வேண்டும். ஆபீஸ்காரர்கள் இல்லாத வண்டியைத் தவிர வேறு எதைக் கட்டுவார்கள்? எட்டு ஐந்து எங்களிடம் வரும்போது சில நாள் எட்டு முப்பது ஆகும், எப்போதாவது எட்டு ஐம்பது. தாமதமாகிறது என்று மிச்சமிருந்தவர்களும் ஓடினார்கள். ஆள் ஓட ஓட வண்டியை இன்னும் தயங்காமல் ஓரம் கட்டினார்கள். கடைசியில் அந்த நேரத்துக்கு வந்தே தீர வேண்டியவராக எங்கள் ஸ்டேஷனில் மிஞ்சியது கமலாதான்.

இந்த நேரத்தில்தான் எங்கள் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், பயந்தவர், ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது.

"இனிமே யாருக்கும் லேட் சீட்டுக் கிடையாது. போன்ல சொல்லிட்டாங்க."

"வண்டி லேட்டா வந்தா சார்?"

"இப்ப எந்த வண்டியும் லேட்டா வர்றதில்லை. பேப்பர் படிக்கலையா நீ?"

ஜன்னலோரம் கிடந்த வெற்றுச் சீட்டுகளை அவரே கிழித்துப் போட்டார். நான் தலையாட்டினேன். மறுநாள் வண்டி முப்பத்தைந்து நிமிடம் தாமதம். கமலா ஜன்னலுக்கு வந்தார். மாஸ்டர் குவார்ட்டர்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவசரமாக எழுதி, முத்திரை குத்தி, மடித்துக் கொடுத்தேன். "மறைச்சு வெச்சுக்கோம்மா" என்றேன். அப்படி ஆறு மாதத்தில் பதினோரு சீட்டு எழுதினேன். உள்ளுக்குள் என்னைப் பற்றி எனக்குப் பெருமை வேறு. நாடே நடுங்குகிறது, நான் ஒருவன் உண்மையை எழுதிக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

5

நடுவில் லண்டனைப் பற்றிக் கொஞ்சம். இல்லாவிட்டால் ராணி கோபிப்பாள்: "எழுதறதெல்லாம் அழுகைதானா?"

காலை ஐந்தரைக்கு எழுகிறேன். ராணி ராத்திரி வேலை முடிந்து வரும்போது நான் கோட்டு மாட்டிக்கொண்டிருப்பேன். சேர்ந்து வாழத்தான் கடல் தாண்டினோம், வாசலில்தான் பார்த்துக்கொள்கிறோம். குடியேற்ற அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களில் என் பெயரின் முன்பாதி பின்னாலும் பின்பாதி முன்னாலும் இருக்கிறது. திருத்தச் சொல்லி எழுதினேன். திருத்துவதற்கு ஒரு படிவம் வந்தது. அதிலும் பெயர் மாறித்தான் இருந்தது. இப்போது அதுதான் நான்.

மலருக்கு எட்டு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். பள்ளிப்பட்டு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நாய் ஒன்று இருந்தது என்றாள். மூன்றரை வருஷம் தன்னை வளர்த்த அத்தையின் முகத்தைச் சொல்லத் தெரியவில்லை. போட்டோ அம்மா நிஜ அம்மா ஆகிவிட்டாள். இப்போது அத்தைதான் போட்டோவில் இருக்கிறாள். இந்த மாற்றத்துக்காகத்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பலன் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட முடியவில்லை.

6

1976 தொடக்கத்தில் கமலாவின் ஆபீஸிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பதினோரு சீட்டின் தேதிகளையும் வரிசையாக அடித்திருந்தார்கள். கேள்வி இரண்டு. இந்தத் தேதிகளில் வண்டி தாமதமா? இந்தச் சீட்டுகள் உங்கள் ஸ்டேஷனில் கொடுத்தவையா? கீழே ஒரு வரி: மேற்படி ஊழியர் போலிச் சீட்டு தயாரித்திருப்பதாகச் சந்தேகம் எழுவதால் விரைவில் பதில் தேவை. பழைய வெற்றுச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு எங்கள் முத்திரை மேலேயே நம்பிக்கை போயிருந்தது. ஆனால் அந்த வெற்றுச் சீட்டுக்காரர்கள் யாரையும் கேட்கவில்லை. கமலா சொன்னபடியே, கமலாவைத்தான் கேட்டார்கள்.

மாஸ்டர் கடிதத்தை என் முன்னால் போட்டார்.

"நீதானே?"

"ஆமா சார்."

"உன் என்.ஓ.சி. பேப்பர் போன வாரம்தான் டிவிஷனுக்குப் போயிருக்கு. தெரியுமில்ல?"

வெளிநாடு போக ரயில்வேயிடம் ஆட்சேபணை இல்லை என்று சான்று வாங்க வேண்டும். அதற்காக ஒன்றரை வருஷம் நடையாய் நடந்திருந்தேன். தடையை மீறிச் சீட்டு கொடுத்தான் என்று ஒரு சார்ஜ் மெமோ வந்தால் அந்தச் சான்று அவ்வளவுதான். அந்த நாளில் வேலையே போனாலும் கேட்பாரில்லை. ராணி அங்கே, மலர் பள்ளிப்பட்டில், நான் நடுவில் பச்சைக் கொடி ஆட்டிக்கொண்டே கிழவனாக வேண்டியதுதான்.

"என்ன சார் எழுதறது?"

"நான் சொல்ல மாட்டேன். நீயே எழுது. நான் கையெழுத்துக்கூடப் போட மாட்டேன், மாஸ்டருக்காகன்னு நீயே போடு." அவரும் தன் ஓய்வூதியத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே.

மூன்று நாள் அந்தக் கடிதம் என் மேஜை டிராயரில் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் வண்டிகள் வந்துபோன நேரத்தை எழுதும் ரெஜிஸ்டர் இருந்தது. அதில் பதினோரு நாளும் உள்ள நேரம், உள்ளபடி, என் கையாலேயே எழுதியது. திரும்பிக் கை நீட்டினால் எடுக்கலாம். எடுத்து அந்தப் பதினோரு வரியை நகல் செய்தால் கமலா தப்பித்தார். நான் திரும்பவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கமலா இரண்டாம் நாள் ஜன்னலுக்கு வந்தார். "சார், எங்க ஆபீஸ்லேர்ந்து லெட்டர் எதுனா வந்துச்சா?"

"வரலியேம்மா."

"வந்தா உடனே எழுதிடுங்க சார். அத பாத்துதான் முடிவுன்ட்டாங்க. இன்னும் நாப்பது நாளுதான் பாக்கி, வருஷம் முடிய."

மூன்றாம் நாள் காலை தேவசகாயம் வந்தார். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அறைக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"சார், கமலா ராவெல்லாம் தூங்கலயாம். அழுதுக்கினே கீது. நீங்க ஒரு வார்த்த எழுதினா போதும்னு சொல்லுது. நெஜமா சார்?"

"பாக்கறேன்."

"லெட்டர் வந்துட்ச்சா?"

இந்த முறை வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "மேல கேட்டுட்டுத்தான் எழுதணும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், டிராயரைப் பார்த்தார். நான் அதன் மேல் கை வைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "சரி சார்" என்று போய்விட்டார்.

அன்று மத்தியானம் எழுதினேன். மூன்று வாக்கியம். வண்டிகள் பொதுவாகச் சரியான நேரத்தில் இயங்குகின்றன. இந்த ஸ்டேஷனில் தாமதச் சீட்டு வழங்கும் வழக்கம் இல்லை. மேற்படி சீட்டுகள் இங்கே வழங்கப்பட்டவை என்று உறுதி செய்ய இயலவில்லை. 'பொதுவாக' என்ற வார்த்தையைப் போட்டதில் எனக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது. பச்சைப் பொய் சொல்லவில்லையாம். மனிதன் தன்னை ஏமாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை கிடைத்தால் போதும்.

எட்டு நாளில் கமலாவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தாமதத்துக்காக இல்லை, போலிச் சீட்டுக்காக.

7

அதற்கடுத்த மாதம் இரண்டு இன்ஸ்பெக்டர்கள் வந்து ஆறு நாள் எட்டு ஐந்தில் ஏறுகிறவர்களை எண்ணினார்கள். ஒரு நாள்கூட ஏழெட்டுப் பேரைத் தாண்டவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே அந்த வண்டி இனி ஓடாது என்று உத்தரவு வந்தது. அதன் ஜோடியாக ஓடிய ஏழு ஐம்பதும் அப்படியே. ராத்திரி ஷிப்ட்காரர்கள் சைக்கிள் மிதித்து வரத் தொடங்கினார்கள். பத்து மணிப் பதிவேட்டை அறைக்குள் எடுத்துப்போன அந்த அதிகாரிகளுக்கு இங்கே ஒரு வண்டி நின்றுபோனது தெரிந்திருக்காது. தெரிந்தாலும் என்ன? வண்டி நின்றதற்கு அவர்களைத் திட்டலாம். கமலாவுக்கு நடந்ததற்கு யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியும்.

என் சான்று வந்துவிட்டது. அக்டோபரில் மலரோடு புறப்பட ஏற்பாடு. புறப்படுவதற்கு நாலு நாள் முன்னால், ஆறு நாற்பதுக்கு முன் டிக்கெட் கவுண்டரில் நான் உட்கார வேண்டி வந்தது. ஜன்னல் ஓட்டையில் ஒரு கை நீண்டது.

"கும்மிடிப்பூண்டிக்கு ஒண்ணு."

குரலைக் கேட்டதும் குனிந்து பார்த்தேன். கமலா. நடக்கத் தொடங்கிவிட்ட குழந்தையை அம்மாவோடு கழனிக்கு அனுப்பிவிட்டு, கெமிக்கல் கம்பெனி ஒன்றில் மூட்டை தைக்கும் வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. டைப் அடித்த விரல்கள்.

"கமலா..." என்றேன்.

"லண்டனுக்குப் போறீங்களாமே சார்."

"ஆமா."

"ஒங்க லெட்டர எனக்குக் காட்னாங்க. பாத்தேன்னு கையெழுத்து வாங்கினாங்க. மாஸ்டருக்காகன்னு போட்டுகீது. ஆனா ஒங்க எழுத்துதான். இங்கிலீஷ் 'டி'க்குப் போடுற குறுக்குக் கோடு மேல ஏறிக்கினே போவும் ஒங்களுக்கு. சீட்டுலயும் அப்டித்தான். நான் டைப்பிஸ்ட்டு சார். எழுத்து பாக்குறதுதான் என் வேல."

பதினோரு சீட்டும் அந்தக் கடிதமும் ஒரே ஃபைலில், ஒரே மேஜையில் இருந்திருக்கின்றன. விரலை வைத்துக் காட்டியிருந்தால் போதும்.

"ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா என் வேல பொழச்சிருக்கும். ஒங்கள அனுப்பியிருக்க மாட்டாங்க. ஒங்க பொண்ணு போட்டோவப் பாத்து அம்மான்னு கூப்டுதுன்னீங்களே. நானும் புள்ளய பிளாட்பாரத்துல கை மாத்தி உட்டுட்டு ஓடினவதானே." சில்லறையை ஜன்னல் ஓட்டையில் தள்ளினார். "அதுக்குன்னு நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. வாய மூடிக்கினேன், அவ்ளோதான். எங்க தெருவுல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? திருட்டுச் சீட்டு கமலா. எங்க அம்மாவால கழனில காது குடுத்து நிக்க முடியல."

பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். "சீக்கிரம் குடுங்க சார், வண்டி வந்துட்ச்சு!" டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கமலா ஓடினார். வண்டியில் கால் வைக்க இடமில்லை. யாரோ ஒரு மீன் கூடைக்காரம்மா கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே இழுத்துக்கொண்டார்.

8

இதை ராணியிடம் நேற்றுதான் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அப்ப நாம மூணு பேரும் இந்த வீட்டில இருக்கறதே அந்தப் பொண்ணு வாய மூடிக்கிட்டதாலதானா?" என்றாள். ஆமாம் என்றேன். "மூணு வருஷமா இத வெச்சுக்கிட்டு எப்படிச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். கோபத்தோடேயே போய்க் காகிதம் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

கமலாவின் பழைய ஆபீஸுக்குக் கடிதம் எழுதி, இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஸ்டேஷன் பெயர், என் முழுப்பெயர், பதினோரு தேதியையும் எந்த ரெஜிஸ்டரில் பார்க்கலாம் என்பது, எல்லாம் அதில் இருக்கிறது. மாஸ்டர் ஓய்வு பெற்று, போன வருஷம் இறந்தும்விட்டார். அவரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. வேலையைத் திருப்பிக் கொடுப்பார்களா என்று தெரியாது. ஃபைல் முடிந்துவிட்டது என்று ஒரு வரி வரலாம். ரயில்வேயிலிருந்து எனக்கு வர வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் நிறுத்தலாம். நிறுத்தட்டும்.

ஆனால் ஆபீஸ் கடிதம் ஆபீஸுக்குள்தான் கிடக்கும். அது கமலாவின் தெருவுக்குப் போகாது. இந்தப் பத்திரிகை போகும். ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள சலூனில் இதை வாங்குகிறார்கள். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். அதனால் ஆசிரியரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மேலே உள்ளதில் எதை வெட்டினாலும் வெட்டுங்கள். கீழே உள்ள வரிகளை வெட்டாதீர்கள்.

சலூனில் இதைப் படிக்கிறவர் கொஞ்சம் சத்தமாகப் படிக்க வேண்டும். தேவசகாயத்தின் மனைவி கமலா கொடுத்த பதினோரு சீட்டும் நிஜச் சீட்டுகள். தேதி, நிமிடம், கையெழுத்து எல்லாம் என்னுடையவை. அந்தப் பதினோரு நாளும் வண்டி தாமதமாகத்தான் வந்தது. அவர் எதையும் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. பொய் எழுதியவன் நான்.